முதல் கூறு யாருக்கு

ஹோல்ம்நெஸ்
11 மே 2014

அன்புள்ள ரஸ்ஸலுக்கு,

அப்பா சொல்லி எழுதுவது. நீ கேட்கிற அந்த வருசம், காரில் முன்சீட்டில் பட்டை கட்டாமல் உட்கார்ந்தால் போலீஸ் பிடிக்கும் என்று சட்டம் வந்த வருசம். ஒரு பவுண்டு நாணயம் முதன்முதலாக மீன் சந்தைக்கு வந்து, கிழவர்கள் அதைப் பல்லில் கடித்துப் பார்த்த வருசம். காலைச் சாப்பாட்டு நேரத்திலேயே டி.வி.யில் ஆள் வந்து பேச ஆரம்பித்ததும் அப்போதுதான். உன் அம்மா அதைப் பார்த்துவிட்டு, "இந்நேரத்துக்கு இவங்க வீட்ல ஒரு வேலையும் கிடையாதா?" என்று கேட்டாள். எனக்கு எழுத்தும் தெரியாது, வருசத்தை எண்ணாக வைத்துக்கொள்ளும் பழக்கமும் இல்லை. லொரெய்ன் விரல் மடக்கிப் பார்த்து 1983 என்கிறாள். சரியாகத்தான் இருக்கும்.

லொரெய்ன் யாரென்றால், இந்த முதியோர் குடியிருப்பைப் பார்த்துக்கொள்கிற பெண். உன் கடிதத்தை இரண்டு தடவை வாசித்துக் காட்டினாள். நான் சொல்கிறதை அப்படியே எழுது தாயி, அழகுபடுத்தாதே என்று சொல்லியிருக்கிறேன். போனில் பேசினால் எனக்குக் காற்று அடிக்கிற சத்தம்தான் கேட்கிறது. நீ கடிதமாகப் போட்டது நல்லதாய்ப் போயிற்று. கிறிஸ்துமஸுக்கு ஒரு அட்டை வந்ததோடு சரி, அதற்குப் பிறகு இதுதான். குறையாகச் சொல்லவில்லை. வேலை இருக்கும்.

வீடு மாறிப் போன இடத்தில், பிள்ளைகள் டில்டாவுக்கும் ஜோனாவுக்கும் பக்கத்துப் பள்ளியில் இடம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள், முறையீடு செய்யப்போகிறேன், நீங்கள் எங்களுக்காகப் போய் நின்றீர்களே, என்ன பேசினீர்கள் என்று கேட்டிருக்கிறாய். சொல்கிறேன். ஆனால் ஜெயித்த கதை இல்லை, அது உனக்கே தெரியும்.

கார்ட்டர் தெருப் பள்ளி நம் தெருவிலேயே, எதிர்வரிசையில், நாலு வீடு தள்ளி. மணியடித்தால் நம் சமையலறையில் தட்டு அதிரும். ஆனால் கல்வி அலுவலகத்தார் வரைபடத்தில் கோட்டை நம் தெருவின் நட்டநடுவில் இழுத்திருந்தார்கள். எதிர்வரிசைப் பிள்ளைகளுக்குக் கார்ட்டர் தெரு. நம் வரிசைக்கு ரயில் பாதை தாண்டி மூர் பள்ளி. இரண்டு பஸ் மாறணும். ஒரே வருசத்தில் பள்ளி சேரவேண்டிய உனக்கும் உன் கூடப்பிறந்த ஜனீனுக்கும் சேர்த்து ஒரே கடிதத்தில் இடம் இல்லை என்று வந்தது. அம்மா அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, "ரெண்டு பிள்ளைக்கு ஒரு தாள்தானா?" என்றாள்.

முறையீடு செய்யலாம் என்று பெற்றவர்களுக்கு உரிமை வந்து அப்போது ஒரு வருசம்தான் ஆகியிருந்தது. நம் தெருவில் யாரும் அதைச் செய்ததில்லை. பக்கத்து வீட்டுக்காரன் கேட்டான், "ஏன் பெர்ட், குற்றவாளிக் கூண்டுல ஏத்துவாங்களா?" எனக்கும் அந்தப் பயம் இருந்தது. கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். இரண்டு பித்தான் மாட்டவில்லை. அம்மா மீன் அரியும் கொட்டகையில் காலை வேலைக்கு விடுப்பு சொல்லிவிட்டு வந்தாள். எவ்வளவு சோப்புப் போட்டாலும் கையில் வாடை போகாது என்று கையுறை போட்டுக்கொண்டாள். ஆகஸ்டு கடைசி, வெயில் வேறு.

நூலகத்துக்கு மேல் மாடியில் ஒரு அறை. நீள மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். செருப்புக்கடை வைத்திருந்த பிளென்கின், அவர்தான் தலைவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மிஸ் காண்ட் டீச்சர். வாயே திறக்காத ஒரு தாடிக்காரர். ஓரமாகக் கார்ட்டர் தெருவின் தலைமை ஆசிரியை மிஸஸ் ஃபார்மரி.

"சொல்லுங்க மிஸ்டர் ஸ்கெல்டன், உங்க பக்கம் என்ன?" என்றார் பிளென்கின்.

"ஐயா, மாசத்துல மூணு வாரம் எனக்குக் கடல். என் பொண்டாட்டிக்குக் கை ரெண்டு, பிள்ளை ரெண்டு. ஒரு கையை நம்ம தெருவுலயும் இன்னொரு கையை ரயிலுக்கு அந்தப் பக்கமும் நீட்டச் சொன்னா எட்டாது."

"வகுப்புல இன்னொரு நாற்காலி போட இடமில்லைங்க" என்றார் ஃபார்மரி டீச்சர்.

அம்மா விடவில்லை. "நாற்காலி நாங்க கொண்டாறோம். நீங்க இடத்த மட்டும் காட்டுங்க."

தாடிக்காரர்கூடச் சிரித்தார். அப்போதுதான் மிஸ் காண்ட் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "ஒருவேளை ஒரே ஒரு இடம் கிடைச்சா, மிஸ்டர் ஸ்கெல்டன், எந்தப் பிள்ளைய அனுப்புவீங்க?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அதெல்லாம் எங்க படகுல தலைவர்கூடச் சொல்ல மாட்டாரும்மா. வீட்டுக்குக் கொண்டுபோற மீனைக் கூறு போட்டு வைப்போம். ஒருத்தன் கடலப் பார்த்துத் திரும்பி நிப்பான். இன்னொருத்தன் ஒரு கூறைத் தொட்டு 'இது யாருக்கு?'ன்னு கேப்பான். திரும்பி நிக்கிறவன் ஒரு பேரைச் சொல்வான். பாக்காம சொல்றதால யாரு மேலயும் யாருக்கும் கோவம் கிடையாது. எங்க வீட்லயும் பிள்ளைங்க பிஸ்கட்டக்கூட அப்படித்தான் பிரிச்சுக்கும்."

மேசைக்காரர்கள் எல்லாரும் நன்றாகச் சிரித்தார்கள். எனக்கு நம்மால் ஆனதைச் செய்துவிட்டோம் என்று நெஞ்சு நிமிர்ந்தது. படியிறங்கும்போது அம்மா சொன்னாள்:

"நீ அதுக்குப் பதில் சொல்லிருக்கக் கூடாது, பெர்ட்."

"ஏன், சிரிச்சாங்களே."

"அவங்க சிரிச்சதுதான் எனக்குப் பயமா இருக்கு."

அவ்வளவுதான். அதனால் உனக்கு நான் சொல்ல வருவது ஒன்றுதான். ஒன்று மட்டும் கிடைத்தால் என்ன செய்வாய் என்று எவனாவது கேட்டால், வாயைத் திறக்காதே. ரெண்டு பேருக்காக வந்திருக்கோம் என்று மட்டும் சொல். படகு, மீன், கூறு ஒன்றும் வேண்டாம்.

மருமகள் நடாலியைக் கேட்டதாகச் சொல். பிள்ளைகள் படம் இருந்தால் பெரிதாக எடுத்து அனுப்பு. ஜனீன் ஞாயிற்றுக்கிழமை வந்தாள், மாவுக்குள் பன்றிக்கறி வைத்துச் சுட்ட பண்டம் ஒன்று கொண்டுவந்தாள். உன்னைப் பற்றிக் கேட்டாள். எப்போதும் கேட்பாள்.

அன்புடன்,
அப்பா
(நானே போட்ட குறி: X)

*

ரெடிங்
8 ஜூன் 2014

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. எழுதித் தரும் லொரெய்னுக்கு என் நன்றி. உங்கள் குரலை அப்படியே கேட்டதுபோல இருந்தது. நடாலி படித்துவிட்டு நாற்காலிக் கதைக்கு வெகுநேரம் சிரித்தாள். அம்மாவைப் பார்க்காமலே போய்விட்டேனே என்றாள்.

நான் சிரிக்கவில்லை. காரணம், உங்கள் கடிதம் வந்த வாரமே பள்ளியிலிருந்தும் கடிதம் வந்தது. காத்திருப்போர் வரிசையிலிருந்து ஜோனாவுக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். டில்டாவுக்கு இல்லை. அவள் வகுப்பு நிரம்பிவிட்டதாம். அவளுக்கு ஊரின் மறுபக்கத்தில் ஒரு பள்ளியைக் காட்டியிருக்கிறார்கள். ஜோனாவின் இடத்தை ஏற்றுக்கொண்டால் டில்டாவின் முறையீட்டுக்கு ஒரு கெடுதலும் இல்லை என்று அலுவலகத்தில் சொன்னார்கள். நடாலி கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டாள். நான் போடவில்லை. என்னால் முடியவில்லை. பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "உனக்கு என்னடா ஆச்சு?" என்று கேட்டாள்.

முப்பது வருசமாகக் கேட்காததை இப்போது கேட்கிறேன், அப்பா. கடிதத்தில் கேட்பது சுலபம், உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. கார்ட்டர் தெருவில் கிடைத்த அந்த ஒரே இடத்துக்கு, ஏன் ஜனீன்?

குறை சொல்வதாக நினைக்காதீர்கள். இல்லை, குறைதான் சொல்கிறேன். ஜனீன் மணியடித்ததும் தெருவைத் தாண்டிப் போனாள், மதியம் வீட்டுக்கு வந்து அம்மாவோடு சூடாகச் சாப்பிட்டாள். நான் கோட்டில் பெயர் அட்டையைக் குத்திக்கொண்டு எட்னா பெரியம்மாவின் கையைப் பிடித்து இரண்டு பஸ் ஏறினேன். மூர் பள்ளியில் எனக்கு 'மீன்வாடை' என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் பதினாறு வயதில் படிப்பை விடுகிறவரை கூடவே வந்தது. இப்போது வீடு வீடாகப் போய்க் கொதிகலன் பழுது பார்த்து நன்றாகத்தான் இருக்கிறேன். ஆனாலும் யாராவது வீட்டுக் கதவைத் திறந்து மூக்கைச் சுளித்தால், கொதிகலனைத்தான் சுளிக்கிறார்கள் என்று எனக்கே நான் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அம்மாவின் அடக்கத்தன்று ஜனீன் எழுந்து நின்று, "எங்கம்மா கையைப் புடிச்சுக்கிட்டு நான் பள்ளிக்கூடம் போவேன்" என்று ஆரம்பித்தபோது என்னால் உட்கார முடியவில்லை. வெளியே போய் வண்டியை எடுத்தேன். அன்றிலிருந்து அவளோடு பேசவில்லை. உங்களுக்குத் தெரியும், நீங்கள் கேட்டதில்லை.

விசாரணை ஜூலை இரண்டாம் தேதி. ரெண்டு பேருக்காக வந்திருக்கோம் என்றே சொல்கிறேன்.

அன்புடன்,
ரஸ்ஸல்

*

ஹோல்ம்நெஸ்
17 ஜூன் 2014

அன்புள்ள ரஸ்ஸலுக்கு,

லொரெய்ன் உன் கடிதத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு, "தொடர்ந்து படிக்கட்டுமா பெர்ட்?" என்று கேட்டாள். படி என்றேன்.

நான் சொல்லவில்லை, ரஸ்ஸல். உன்னை அங்கே போடு, அவளை இங்கே போடு என்று நான் சொல்லவே இல்லை. அந்த நேரத்தில் நான் வீட்டில் இல்லை.

படகுகளை எல்லாம் ஒவ்வொன்றாக உடைத்துப் பழைய இரும்புக்குப் போட்டுக்கொண்டிருந்த காலம் அது. பாதிப் பேருக்கு வேலை இல்லை. ஒரு சின்னப் படகில் எனக்கு இடம் கிடைத்திருந்தது. வரமாட்டேன் என்றால் அடுத்தவன் பையோடு நிற்பான். அலுவலகக் கடிதம் அந்த வாரமே வரும் என்றார்கள். நடுவில் ஒரு திங்கட்கிழமை அரசு விடுமுறை வந்து தபால் தள்ளிப்போயிற்று. நான் புறப்பட வேண்டிய நாள் காலைவரை வரவில்லை. அலை ஏறிக்கொண்டிருந்தது, படகு அதோடு கிளம்பிவிடும். பையைத் தோளில் போட்டுக்கொண்டு, உங்கள் இரண்டு பேர் தலையையும் தொட்டுவிட்டுக் கிளம்பினேன்.

நம் வீட்டு வழக்கம் உனக்கு ஞாபகம் இருக்கும். நான் புறப்படும் நாளில் அம்மா துணி துவைக்க மாட்டாள், துறைக்கு வந்து கையாட்ட மாட்டாள். எல்லாவற்றுக்கும் மேலாக, வாசல் தாண்டினவனைப் பின்னாலிருந்து கூப்பிடவே கூடாது. நான் தெருமுனையைத் தாண்டவில்லை, தபால்காரன் அந்தப் பக்கமாக வந்து வாசலில் கடிதத்தைக் கொடுத்திருக்கிறான். அம்மா நின்ற இடத்திலேயே பிரித்தாள். ஒரு பிள்ளைக்கு இடம் உண்டு, எந்தப் பிள்ளை என்று இன்று மதியத்துக்குள் சொல்லவும், இல்லாவிட்டால் அந்த இடம் வரிசையில் அடுத்தவருக்குப் போகும். மறுநாள் பள்ளி திறக்கிறது.

எட்னா பெரியம்மா பக்கத்தில் நின்றிருக்கிறாள். பிறகு அவள்தான் எனக்கு இதைச் சொன்னாள்.

"ஓடிப் போய்க் கூப்பிடுடி, முனையிலதான் போறான்."

"கூப்பிட மாட்டேன்."

"இது பிள்ளைங்க விசயம், மேவிஸ்."

"பெர்ட் உயிரும் பிள்ளைங்க விசயந்தான்."

எட்னாவால் அதற்குமேல் வற்புறுத்த முடியாது. அக்கா தங்கை இவர்கள் இரண்டு பேரின் அப்பா ஒருநாள் புகையிலை டப்பாவை மறந்துவிட்டுப் போனார் என்று, அவர்கள் அம்மா தெருவில் ஓடிக் கூப்பிட்டுக் கையில் கொடுத்தாள். ஐஸ்லாந்துப் பக்கம் போன அந்தப் படகு திரும்பவில்லை. அந்த டப்பாவால்தான் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அப்பாவின் முதுகைப் பார்த்துக்கொண்டு அந்த வாசலில் நின்ற பெண் பிள்ளைகள் அவர்கள் இரண்டு பேரும்தான்.

மதியம் அம்மா தெருமுனை டெலிபோன் பெட்டிக்குப் போய் ஒரு பெயரைச் சொன்னாள். அதற்குள் நான் ஆற்று முகத்துவாரத்தைத் தாண்டியிருந்தேன்.

மூன்று வாரம் கழித்துக் கரைக்கு வந்தேன். துறை வாசலில் அம்மாவும் ஜனீனும். ஜனீன் சாம்பல் நிறச் சீருடையில். ரஸ்ஸல் எங்கே என்றேன். அம்மா பஸ் நிறுத்தத்துக்குக் கூட்டிப்போனாள். நீ பெரியம்மாவோடு இறங்கினாய். கோட்டில் அந்த அட்டை. எனக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும் அது உன் பெயர் என்று தெரிந்தது. நீ ஓடி வரவில்லை. நின்று கேட்டாய், "என்னை ஏன் அங்க போட்டீங்க?"

அம்மா என் பின்னால் நின்றாள். "நான்தான் சொன்னேன்" என்றேன். வேறு என்ன சொல்வது? நான் அடுத்த வாரம் மறுபடி கடலுக்குப் போய்விடுவேன். அவள்தான் தினமும் உனக்குச் சோறு போடவேண்டும். கோபம் என்மேல் இருந்தால் அது கடலுக்கு என்னோடு வந்துவிடும் என்று நினைத்தேன். அது வீட்டிலேயே தங்கிவிடும் என்று அப்போது தெரியவில்லை.

கடிதம் வந்ததற்கும் அந்த டெலிபோனுக்கும் நடுவில் சமையலறையில் என்ன நடந்தது என்பதை நான் கண்ணால் பார்க்கவில்லை. பார்க்காததை எழுதவைக்க மனசு வரவில்லை. இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

விசாரணைக்கு நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு போ. பித்தான் எல்லாம் மாட்டுகிறதா என்று முன்னாலேயே பார்த்துவிடு.

அன்புடன்,
அப்பா
X

*

ரெடிங்
12 ஜூலை 2014

அன்புள்ள அப்பாவுக்கு,

அப்படியானால் அம்மா. உங்களைக் கேட்டேன், அம்மாவைக் காட்டிவிட்டீர்கள். அவள் இருந்தபோது சொல்லியிருந்தால் அவளிடம் கேட்டிருப்பேன். இப்போது கல்லறைக் கல்லிடமா கேட்பது? முப்பது வருசம் உங்கள்மேல் இருந்த கோபத்தை எடுத்து அவள்மேல் வைக்கச் சொல்கிறீர்களா? எனக்கு அது முடியவில்லை. நீங்கள் சும்மா இருந்திருக்கலாம்.

விசாரணை முடிந்தது. உங்களுடையதைப் போலவே மூன்று பேர். தண்ணீர்க் குவளை, பிஸ்கட் தட்டு. யாரும் பிஸ்கட்டைத் தொடவில்லை. நல்ல மனிதர்கள்தான். மரியாதையாகக் கேட்டார்கள். நடாலி இரண்டு பள்ளியிலும் ஒரே நேரத்தில் மணி அடிப்பதைச் சொன்னாள், தன் வேலை நேரத்தைச் சொன்னாள். என்னிடம், "நீங்க ஏதாவது சேர்க்கணுமா, மிஸ்டர் ஸ்கெல்டன்?" என்று கேட்டார்கள். "அண்ணந்தம்பி அக்கா தங்கச்சிய வேற வேற பள்ளிக்கூடத்துல போட்டா, பிறகு ஒண்ணாச் சேராதுங்க" என்றேன். மூவரில் ஒரு அம்மாள் என்னையே பார்த்துவிட்டுக் குறித்துக்கொண்டார்.

நேற்று முடிவு வந்தது. இல்லை என்றுவிட்டார்கள். இன்னொரு பிள்ளையைச் சேர்த்தால் வகுப்பில் இருக்கிற மற்றவர்களுக்குக் கெடுதல் என்று எழுதியிருக்கிறார்கள். வரிசையில் டில்டா இருக்கிறாள், யாராவது ஊரை விட்டுப் போனால் பார்க்கலாம்.

இதைவிட மோசம் ஒன்று நடந்தது. சமையலறையில் நாங்கள் கடிதத்தைப் படித்துக்கொண்டிருந்தபோது டில்டா வாசலில் நின்று கேட்டிருக்கிறாள். உள்ளே வந்து, "பரவால்லப்பா, ஜோனாவே போகட்டும். அவன் சின்னப் பையன்ல்ல, அவனுக்குத்தான் பயமா இருக்கும்" என்றாள். ஏழு வயசுப் பிள்ளை. நான் கத்திவிட்டேன். "உன்னை யாரு கேட்டா? வாயை மூடு" என்று. அவள் மாடிக்கு ஓடிவிட்டாள். இன்னும் என் பக்கம் வரவில்லை. நடாலி என்னைப் பார்க்கிற பார்வை சரியில்லை.

ஏன் அப்படிக் கத்தினேன் என்று எனக்கே தெரியவில்லை, அப்பா. அதுதான் எழுதுகிறேன்.

ரஸ்ஸல்

*

ஹோல்ம்நெஸ்
20 ஜூலை 2014

அன்புள்ள ரஸ்ஸலுக்கு,

உன் கடிதம் வந்து நாலைந்து நாளாகிறது. லொரெய்ன் தினமும் வந்து, "பதில் எழுதலாமா?" என்று கேட்கிறாள். நாளைக்கு என்றேன். இன்றைக்கு, நானே அவளைக் கூப்பிட்டேன்.

பார்க்காததை எழுதமாட்டேன் என்று சொல்லியிருந்தேன். ஆனால் கேட்டதைச் சொல்லலாம். அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த கடைசி வாரம் இதைச் சொன்னாள். உன்னிடம் சொல்லக் கூடாது என்றும் சொன்னாள். அவள் பேச்சை மீறி நான் செய்கிற காரியம் இது ஒன்றுதான். டில்டாவுக்காகச் செய்கிறேன்.

அன்று காலை அவள் கடிதத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள். எட்னா அடுப்புப் பக்கம். நீங்கள் இரண்டு பேரும் மேசையில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தீர்கள். அம்மாவுக்கு யாரைச் சொல்வதென்று தெரியவில்லை. அந்த இடமே வேண்டாம் என்று தள்ளிவிடலாம் என்று பார்த்தாள். ஆனால் மூர் பள்ளிக்கு இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு இரண்டு பஸ் ஏறிப் போய்வந்தால் கொட்டகை வேலை போய்விடும், படகுகள் உடைகிற காலத்தில் அதையும் விடமுடியாது. அப்போது நான் மேசைக்காரர்களிடம் சொல்லிச் சிரிக்கவைத்தேனே, அந்தக் கூறு போடுகிற வழக்கம் அவளுக்கு ஞாபகம் வந்திருக்கிறது.

"ரஸ்ஸல், எந்திரிச்சு சுவத்தப் பாத்து நில்லு" என்றாள்.

உனக்கு விளையாட்டு. ஓடிப்போய் நின்று கண்ணையும் மூடிக்கொண்டாயாம். அவள் கடிதத்தை மேசைமேல் வைத்து, விரலால் தொட்டு, "இது யாருக்கு?" என்று கேட்டாள்.

"ஜனீனுக்கு" என்றாய்.

திரும்பிப் பார்த்தாய். மேசையில் பிஸ்கட் எதுவும் இல்லை, தாள்தான் இருந்தது. "அய்ய, வெறும் தாளா?" என்று சிரித்துவிட்டுக் கஞ்சி குடிக்கப் போய்விட்டாய்.

இதைச் சொல்லிவிட்டு அம்மா கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்று எழுந்திருக்கப் பார்த்தேன். என் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"அவன் எப்பவும் முதல் கூறுக்கு அவ பேரைத்தான் சொல்வான், பெர்ட். எனக்கு அது தெரியும். தெரிஞ்சுதான் அவனைத் திருப்பி நிறுத்தினேன்."

"அவள நிறுத்திருந்தா?" என்று கேட்டேன்.

"அவ 'எனக்கு'ன்னு சொல்லிருப்பா. ரெண்டுல எது செஞ்சாலும் ஜனீன்தான். அதான் யோசிச்சேன், அவன் வாயாலயே வரட்டும், அப்ப அது அவன் கொடுத்ததா இருக்கும், நாம பறிச்சதா இருக்காதுன்னு. ஆனா அவன் பஸ்லேருந்து இறங்கி நின்னு கேட்டான் பாரு, அப்பத் தெரிஞ்சுது நான் செஞ்சது என்னன்னு. நீதான்டா கொடுத்தன்னு அந்தப் பிள்ளைகிட்ட எப்படிச் சொல்றது? தன் மேலயே கோவப்பட ஆரம்பிச்சா அவன் எங்க போவான்? நம்ம மேலயே இருக்கட்டும். சொல்லாத."

சாகிறவரை அதை அப்படியே வைத்திருந்தாள். நீ மூர் பள்ளியிலிருந்து வந்ததும் தினமும் உனக்கு மட்டும் மறுபடி சூடாக ஒரு சாப்பாடு செய்வாளே, ஜனீன் கேட்டால் "உனக்கு மத்தியானமே ஆச்சு" என்று விரட்டுவாளே, அதை நீ கவனித்தாயா தெரியவில்லை. நான் கவனித்தேன். ஏன் என்று புரிந்தது கடைசி வாரத்தில்தான்.

இப்போது டில்டா. அவள் கொடுத்ததைத் திருப்பி அவள் முகத்தில் எறிந்துவிட்டாய், ரஸ்ஸல். நீ கத்தியது அவளைப் பார்த்து இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. அவளுக்கு அது தெரியாது. மேலே போ. கதவைத் தட்டு. இடம் அவளுக்குக் கிடைக்கவில்லை, அதை நம்மால் மாற்ற முடியாது. ஆனால் அவள் சொன்னதை நீ கேட்டாய் என்று அவளிடம் சொல். நன்றாகச் சொல். நம் வீட்டில் அதை ஒருத்தரும் உனக்குச் சொல்லவில்லை. அந்தப் பள்ளிக்கு அவளை நீயே கூட்டிக்கொண்டு போ, வேலைக்குப் பிந்திப் போனாலும் பரவாயில்லை. கோட்டில் அட்டை எதுவும் குத்தாதே.

ஜனீன் நாலு வயசில் அங்கேயே இருந்து அதைக் கேட்டவள். அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. ஒருநாள் என்னிடம், "ரஸ்ஸலுக்கு ஞாபகம் இருக்குமாப்பா?" என்று கேட்டாள். நான் எதைக் கேட்கிறாள் என்று தெரியாததுபோல இருந்துவிட்டேன். உனக்கு ஞாபகம் இருக்கிறது, கொடுத்ததை நினைத்து வருத்தப்படுகிறாய், அதனால்தான் அவளைப் பார்க்க மாட்டேன் என்கிறாய் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். அடக்கத்தன்று நீ வெளியே போன பிறகு அவள் மீதியைப் படிக்கவில்லை. தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அதில் என்ன இருந்தது என்று கேட்டேன். "அவன்கிட்டச் சொல்ல வேண்டியதுப்பா" என்றாள்.

எனக்கு உடம்பு பரவாயில்லை. முட்டிதான் படியேற விடமாட்டேன் என்கிறது.

அன்புடன்,
அப்பா
X

பின்குறிப்பு. லொரெய்ன் உறையை ஒட்டப்போனாள், இரு என்றேன். இதெல்லாம் நிஜமா என்று நீ போய்க் கேட்கலாம் என்று நினைத்தால் யார் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தேன். செருப்புக்கடை பிளென்கின் கடையை மூடின மறு வருசமே போய்விட்டார். மிஸ் காண்ட் அதற்கும் முன்னால். தாடிக்காரர் பெயரே நமக்குத் தெரியாது, அப்போதே கிழவர். ஃபார்மரி டீச்சருக்கு நம் தேவாலயத்தில்தான் பாட்டுப் பாடி வழியனுப்பினோம். தபால்காரன் இல்லை. எட்னா பெரியம்மா, உனக்கே தெரியும், ஈஸ்டருக்கு முந்தின வாரம். உன் அம்மா. நான் அன்றைக்குப் படகில். நீ சுவரைப் பார்த்து நின்றவன், உனக்கு ஞாபகமும் இல்லை. அந்தச் சமையலறையில் இருந்து நீ சொன்னதைக் கேட்டவர்களில் இன்னும் உயிரோடு இருப்பது, நீ அன்றைக்குச் சொன்ன அதே பெயர்தான். ஜனீன்.